கழித்தல்

மாதத்தின் கடைசி வேலைநாளில்
லைல் ஹேமர்லிங்குக்கு நான் சம்பளம் போடுகிறேன்.
அறுபத்தோராயிரத்து இருநூற்றைம்பது டாலர்,
கூடைப்பந்து சொல்லிக்கொடுக்காமல் இருப்பதற்கு.

வேலையில் இருந்தபோது அவர் சம்பளத்துக்குப்
பல பெயர்கள்.
அடிப்படை என்ற வரியில் இருந்தது கொஞ்சம்தான்,
வேதியியல் துறைத் தலைவர் வாங்குவதைவிடச் சற்றே கூடுதல்.
மீதியெல்லாம்
வியாழன் மாலை வானொலியில் பேசியதற்கு,
ஒரே கம்பெனியின் ஷூவைப் பையன்களுக்கு மாட்டிவிட்டதற்கு.
மார்ச் போட்டிக்குள் நுழைந்தால் இவ்வளவு,
இரண்டாம் சுற்றுக்கு இவ்வளவு,
பையன்கள் பட்டம் வாங்கினால், அதற்கும் உண்டு,
இருப்பதிலேயே சின்னத் தொகை.
கோல்ஃப் கிளப். இரண்டு கார்.
வெளியூர் ஆட்டங்களுக்கு மனைவிக்கு விமானத்தில் இருக்கை.

பத்தொன்பது வருடமாக இந்த மேசையில் இருக்கிறேன்.
என் கார் நிற்கிற இடத்துக்கு
மாதம் முப்பத்தெட்டு டாலர் பிடிக்கிறார்கள்.
பிடிப்பதும் நான்தான்.

பதினோரு ஆட்டம் தொடர்ந்து தோற்றது
ஒப்பந்தப்படி காரணம் ஆகாது.
பொய்க்கணக்கு, கைகலப்பு, சிறை,
இவைதான் காரணங்கள்.
ஆகவே காரணமின்றி அனுப்பினார்கள்.
காரணமில்லாமைக்கு விலை
இன்னும் முப்பத்தொரு மாதம்.
அவருக்கு முன்னால் அனுப்பப்பட்டவருக்கும்
ஜூன் வரை பாக்கி இருக்கிறது.
புதியவரையும் சேர்த்தால்
மைதான ஓரத்து ஒரே நாற்காலிக்கு
மூன்று சம்பளம்.
அயோவாவில் சோளம்கூட இப்படி விளைவதில்லை.

ஒன்பதாம் பிரிவு சொல்கிறது:
நீக்கப்பட்டவர் மனப்பூர்வமாக வேறு வேலை தேடவேண்டும்,
சம்பாதிக்கும் எதையும் நாங்கள் கழித்துக்கொள்வோம்.
இருபதாம் தேதிக்குள் ஒரு கடிதம் வரும்.
வக்கீலின் தட்டச்சு, மாதம் மட்டும் மாறும்:
எனது கட்சிக்காரர் தொடர்ந்து முயன்றுவருகிறார்.
படிக்காமலே கோப்பில் போடுவேன்.

பிப்ரவரியில் வந்தது கையெழுத்தில்.

அன்புள்ள திருமதி வோடிச்கா,
இந்த மாதம் வேலை கிடைத்தது.
ஆஷ்பியில் லூத்தரன் தேவாலயக் கூடத்தில்
ஆறாம் வகுப்புப் பெண்களின் ஆட்டங்களுக்கு நடுவர்.
ஆட்டத்துக்கு இருபது, இரண்டு ஆட்டம்.
விசில் என்னுடையது, அதற்குப் பணம் கேட்கவில்லை.
ஒரு குழந்தையின் அம்மா என்னைக் குருடன் என்றார்.
கழித்துக்கொள்ளவும்.

எங்கள் வக்கீலைக் கூப்பிட்டேன்.
நாற்பது டாலரா, என்று சிரித்தார்,
இந்தப் போன்காலுக்கே நான் அதற்குமேல் வாங்குவேன், விட்டுவிடு.
ஆனால் எதையும் என்றுதான் எழுதியிருக்கிறது.
எதையும் என்றால் எதையும்.
திரையில் பிற வருமானம் என்றொரு கட்டம்,
இதுவரை யாரும் திறக்காதது.
திறக்க மூன்று கையெழுத்து வேண்டும்.
விளையாட்டுத் துறை இயக்குநரை
வாங்கும் அறையிலிருந்து வெளியே வரும்வரை காத்திருந்து
வழிமறித்து வாங்கினேன் மூன்றாவதை.
அறுபத்தோராயிரத்து இருநூற்றுப் பத்து.

மார்ச்சில் எண்பது கழித்தேன்.
ஊரே தொலைக்காட்சி முன்னால் இருந்த வாரம் அது,
புதியவரின் அணி உள்ளே போயிருந்தது,
இவ்வளவு என்ற வரியை நானே தட்டச்சு செய்தேன்.

ஏப்ரல் கடிதம் நீளம்.
பருவம் முடிந்துவிட்டது, இம்மாதம் ஒன்றுமில்லை.
ஆஷ்பி அணியில் ஒருத்தி
பந்தை நெற்றிக்குக் கீழிருந்து எறிகிறாள்,
முழங்கையைக் கொஞ்சம் உள்ளே இழுத்தால் போதும்,
ஒரு நிமிட வேலை.
நடுவர் அதைச் சொல்லக்கூடாது.
விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டேன்.

இம்மாதம் முழுத்தொகை.
கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்.
பிறகு, ஆளில்லாத அறையில்,
என் முழங்கையை உள்ளே இழுத்துப் பார்த்தேன்.